மேள செட்டுக்கு யார் வரலாறு எழுதுவது?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோயில் கொடை விழா நெருங்கிவிட்டால் டீக்கடைச் சுவரெல்லாம் நோட்டீஸ்தான். குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று நேரங்களைப் போட்டு, கீழே இன்ன ஊர் வில்லிசை, இன்ன ஊர் நையாண்டி மேளம், கரகாட்டம் என்று பெயர்களை அச்சடித்திருப்பார்கள். அடுத்த மழையில் தாள் கரைந்துவிடும். அந்தக் கலைஞர்களில் பலருக்கு அச்சில் வேறு தடயமே கிடையாது.

இத்தனைக்கும் இது பாட்டுக்குப் பேர்போன மண். பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். காவடி தூக்கி நடப்பவர்களின் வழிநடை மெட்டில் கழுகுமலை முருகனைப் பாடிவிட்டு, முப்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். அவருடைய காவடிச் சிந்து கச்சேரி மேடை வரை ஏறியது. பின்னாளில் அதைப் பதிப்பித்தவர் இடைசெவல் கு.அழகிரிசாமி.

கோவில்பட்டியில் வாழ்ந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்கு (1921–1964) இசைத்தட்டும் சினிமாவும் துணை நின்றன. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்த அந்த நாகசுரத்தை இன்றும் கேட்கலாம். பாடகர் விளாத்திகுளம் சுவாமிகளின் கதை வேறு. அதே இடைசெவலைச் சேர்ந்த கி.ராஜநாராயணன் எழுதிவைத்திராவிட்டால் இன்று எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்வார்கள்? கரிசல் காட்டில் ஆவணக் காப்பகம் செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு எழுத்தாளர்கள் செய்திருக்கிறார்கள்.

நையாண்டி மேளத்துக்கு ஒரு கி.ரா. வாய்க்கவில்லை. நாகசுரம், தவில், பம்பை, உறுமி என்று ஒரு செட் விடிய விடிய வாசிக்கும். கரகக்காரியின் கால் எங்கே விழ வேண்டும் என்பதைத் தவில்காரர்தான் தீர்மானிப்பார். ஆனால் அவர் யாரிடம் பழகினார் என்று கேட்பாரில்லை. மேடையில் உட்கார்ந்து வாசித்தால் வித்வான், தெருவில் நின்று வாசித்தால் மேளக்காரர்! இந்தக் கணக்கில் சாதிக்கும் பங்குண்டு. வில்லுப்பாட்டு கொஞ்சம் தப்பித்தது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் அதைப் பற்றி 1988இல் ஒரு நூலே வெளியிட்டார். சுடலைமாடன் கோயிலில் மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்தும் ஆய்வாளர் கண்ணில் பட்டது.

பேர்தெரியாத கலைஞர்களையும் பதிந்துவைக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் 1934இல் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போனார்கள். சாதாரணக் கிராமத்து ஜனங்கள் பிரெஞ்சில் பாடியதைப் பதிந்தார்கள். அந்தக் குரல்கள் இன்றும் இருக்கின்றன.

நம்மிடம் கருவிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கொடையிலும் நூறு செல்போன்கள் உயர்கின்றன. ஆனால் யூடியூபில் ஏறும் வீடியோக்களில் கோயில் பெயர் இருக்கும், தவில்காரர் பெயர் இருக்காது. பெயரும் ஊரும் வருஷமும் குறிக்காத பதிவு வரலாற்றுக்கு அரைகுறையாகத்தான் உதவும்.

பரணில் பழைய கொடை வீடியோ கேசட்டோ, வில்லிசை ஆடியோ கேசட்டோ கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். வாசித்தவர் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதிவையுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள்.