விடுதிக் கூடத்தில் துணி: அலங்காரமா, கலைப்படைப்பா?

வெளியூர் விடுதிகளில் தங்கிப் பழகியவர்கள் அறைச்சுவரில் தொங்கும் படத்தைக் கவனித்திருப்பார்கள். பெரும்பாலும் அது ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் அடைக்கப்பட்ட ஒன்றாகும். அறையைவிட்டு வெளியேறியவுடன் அது மறந்துபோகும். சுவர் வெறுமையாக இருக்கலாகாது என்பதற்காக மாட்டிய பொருளிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கும் இல்லை. இதற்கு மாறாக, ஓர் இடத்துக்கென்றே ஒரு கலைஞர் ஒருமுறை செய்தளித்த மூலப்படைப்பை நடுவாக வைத்து, அதையொட்டிக் கூடத்தையும் தாழ்வாரத்தையும் அமைக்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு அமைந்த விடுதிகள் சிலவற்றில் அப்படைப்பு துணியாகவே இருந்திருக்கிறது. ஆகவே இது நம் நெசவாளர் சங்கங்களுக்குத் தொலைவான செய்தியன்று.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெந்தோட்டை என்னும் ஊர் உள்ளது. அங்கு ஆற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வரைந்த திட்டப்படி, 1969-ஆம் ஆண்டில் ஒரு விடுதி கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே வருபவர் கோட்டைச் சுவர்போன்ற கற்சுவர்களைக் கடந்து, படியேறி வரவேற்புக் கூடத்தை அடைகிறார். அங்கே அண்ணாந்து பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் துணி! ஈனா டி சில்வா என்னும் பெண்மணி மெழுகுச்சாய முறையில் ஆக்கிய வண்ணத் துணிகளே அக்கூடத்தின் மேற்கட்டியாக விரிக்கப்பட்டிருந்தன.

பத்திக் என்று கடைகளில் வழங்கும் இம்முறையைச் சாயப்பட்டறை அங்கத்தினர்கள் அறிவர். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லலாம். உருக்கிய மெழுகைத் துணியின்மேல் வேண்டிய உருவில் இட்டால் அவ்விடத்தில் சாயம் ஏறாது. முதலில் இளநிறம், பிறகு அந்நிறம் நிலைக்கவேண்டிய இடத்தை மெழுகால் மூடி அடுத்த நிறம், இவ்வாறு படிப்படியாக அடர்நிறத்துக்குச் செல்வார்கள். கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்புபோன்ற கோடுகள் விழும். இக்கோடுகள் இரண்டு துணிகளில் ஒரேவிதமாக விழுவதில்லை. அச்சுக்கட்டையால் பதித்த துணிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இத்துணியை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டினால் அக்கூடம் அதே கூடமாக இராது என்பது கவனிக்கத்தக்கது. கீழே கல்லின் பாரம், மேலே துணியின் நிறம் என்ற எதிர்மறையில்தான் அவ்விடத்தின் அழகு நிற்கிறது. கட்டடம் முடிந்தபின் வாங்கி மாட்டிய பொருளால் இது கைகூடுவது அரிது. சுவரின் அளவும் வெளிச்சத்தின் போக்கும் முடிவாகும்போதே கலைஞரும் உடனிருக்கவேண்டும். பாவா அவ்வாறே செய்துவந்தார். 1994-இல் திறந்த கண்டலமை விடுதியின் படிக்கட்டருகே சிறகு விரித்து நிற்கும் பெரிய ஆந்தையும், காலியில் 1997-இல் எழுந்த விடுதியின் சுழற்படியில் போர்த்துக்கீசியரோடு நடந்த 1630-ஆம் ஆண்டுப் போரைக் காட்டும் உலோக உருவங்களும் லக்கி சேனநாயக்க அந்தந்த இடத்துக்கென்றே செய்தவை.

பெந்தோட்டையில் இன்னொரு வகைத் துணியும் பயன்பட்டது. பார்பரா சன்சோனி நிறத்தேர்வு செய்து நெய்வித்த கைத்தறித் துணிகள் இருக்கைகளுக்கும் மற்ற உபயோகங்களுக்கும் சென்றன. இருக்கைத் துணி தேயும், கிழியும், மீட்டர்க் கணக்கில் மறுபடி வாங்கப்படும். மேற்கட்டித் துணியோ செய்தவர் பெயரோடு பேசப்படும். தொடர்ந்து வேலை தருவது முன்னது, மதிப்புத் தருவது பின்னது. ஒரு சங்கத்துக்கு இரண்டும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலைக்கணக்குப் போடுவது பெரும் தவறு. கலைப்படைப்பை நூல்விலையும் கூலியும் கூட்டி மதிப்பிட்டால், வரைந்தவரின் சிந்தனைக்கு ஏட்டில் இடமே இல்லாமற் போகிறது.

துணிக்கு வயது உண்டு. வெயில் நிறத்தை வாங்கும். கடற்காற்றின் ஈரம் இழையைத் தளர்த்தும். பெந்தோட்டை விடுதி பழுதுபார்க்கப்பட்டு 2019-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, மேற்கட்டியும் பழைய முறையிலேயே புதுப்பிக்கப்பட்டது. ஈனா டி சில்வா 2015-லேயே காலமாகியிருந்தார். எனினும் அவர் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் பெண்களுக்கென நிறுவிய கைத்தொழிற்கூடத்தின்மூலம் அத்தொழில் கைமாறி வந்திருந்தது. கல்லில் செய்த சிற்பத்துக்கு இப்படியொரு பின்னுறுதி தேவைப்படுவதில்லை. துணிக்கு அவசியம் தேவை.

இனி உரிமை விஷயம். நியூயார்க் நகரில் 1959-இல் திறந்த போர் சீசன்ஸ் என்னும் உணவகத்தில் பிக்காசோ 1919-இல் ஒரு நாட்டிய நாடகத்துக்காகத் தீட்டிய திரைச்சீலை தொங்கியது. அது ஏறக்குறைய 20 அடி உயரமும் அதே அளவு அகலமும் உடையது. உணவகம் வாடகைக்கு இருந்தது. சுவர் கட்டடச் சொந்தக்காரருடையது. திரையோ 2005 முதல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமொன்றின் உடைமை. சுவரைச் செப்பனிடவேண்டும் என்று சொந்தக்காரர் திரையை அகற்றச் சொன்னார், வழக்கு எழுந்தது, 2014-இல் திரை இறக்கப்பட்டது. இப்போது அந்நகரின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளது. உணவகமும் 2016-இல் அக்கட்டடத்தை விட்டு நீங்கியது. அதே உணவகத்துக்கு ஓவியங்கள் வரைய 1958-இல் ஒப்புக்கொண்ட மார்க் ராத்கோ, உண்பவர்களிடையே தம் படைப்பு மாட்டப்படுவதில் மனம் ஒப்பாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கலைஞரின் விருப்பமும் கணக்கில் சேரவேண்டியதே.

நம் நாட்டுச் சட்டத்தை அங்கத்தினர்கள் இவ்விடத்தில் ஊன்றிக் கவனிக்கவேண்டும். தனிக் கலைப்படைப்புக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காவல் செய்கிறது. படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை அக்காவல் நீடிக்கும். ஆனால் துணியில் திரும்பத் திரும்ப இடுவதற்கான வடிவமைப்பு வேறு. பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, அதைக் கொண்ட பொருளை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்குமேல் ஆக்கிவிட்டால், பதிப்புரிமை அற்றுப்போகும். பிறகு எவரும் விசைத்தறியில் அதைப் பெருக்கலாம். வடிவமைப்பை 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்துகொண்டால் 10 ஆண்டுகளும், வேண்டினால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. வெளியிடுமுன்பே விண்ணப்பிக்கவேண்டும் என்பது முக்கியம். கண்காட்சியில் விரித்துக் காட்டிய பிறகு பதிவைப் பற்றி யோசிப்பவர்களே அதிகம்!

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருவர் பிறருக்காக விலைபெற்று வரைந்து கொடுத்த வடிவமைப்புக்கு, வரைவித்தவரே உரிமையாளர் என்று மேற்படி சட்டம் கொள்கிறது. விடுதிக்காரர் மாதிரி வாங்கிப் பணம் கொடுத்தபின், அதே கோலத்தைச் சங்கம் தன் விற்பனை நிலையத்தில் விற்கமுடியுமா என்ற கேள்வி எழும்போது இது வினையாகும். ஆகவே வேலையை ஏற்கும்போதே, துணி யாருக்கு, வடிவமைப்பு யாருக்கு என்பதைத் தனித்தனியே எழுத்தில் பெறுதல் வேண்டும். செய்தவர் பெயரும் சங்கத்தின் பெயரும் படைப்பின் அருகே பொறிக்கப்படுதல், துணியைத் துப்புரவு செய்யும் முறை, நிறம் மங்கினால் மறுபடி செய்யும் வேலை யாருக்கு உரியது, விடுதி கைமாறினால் படைப்பு என்னாகும் ஆகியவற்றையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம். பதிவு விண்ணப்பத்தைக் கொல்கத்தாவுக்கு அனுப்பவேண்டியதில்லை. சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.