நிறுத்திக் காக்கும் இதயம்

பிறந்த நாள்முதல் ஓய்வின்றித் துடிப்பது இதயம் என்று வகுப்பறையில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். அவ்விதயத்தை மருத்துவர்கள் வேண்டுமென்றே நிறுத்திப் பழுது நீக்கி, மீண்டும் துடிக்கச் செய்கிறார்கள். நிறுத்துவதைவிட, நின்றிருக்கும் வேளையில் தசை கெடாமல் காப்பதே அரிய செயல்.

1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்பார், இதய-நுரையீரல் பொறியின் துணையால் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்திலிருந்த துளையை அடைத்தார். இத்தகைய பொறி உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும். ஆனால் ஒரு விந்தையைக் கவனியுங்கள். உடலெல்லாம் உணவு பெறும்போது இதயம் மட்டும் பட்டினி கிடக்க நேரும். இதயத் தசைக்கு இரத்தம் கொணரும் நாளங்கள் பெருந்தமனியின் அடியிலேயே கிளைக்கின்றன. அறுவைக்கு இரத்தம் மறைக்காத, அசையாத இதயம் வேண்டும். அதற்காகப் பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்கினால் அந்நாளங்களும் வறண்டுவிடும் அன்றோ?

தசை சுருங்குவதற்கு மட்டுமன்று, தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். இதனை மாணவர் பலர் மறந்துவிடுவர். தேர்வுத்தாள்களில் நான் கண்டதுண்டு. ஆற்றல் முற்றும் தீர்ந்தால் தசை நார்கள் சுருங்கியபடியே இறுகிவிடும். 1972இல் டென்டன் கூலியும் அவர்தம் குழுவினரும் இந்நிலையைக் ‘கல் இதயம்’ என்றே குறித்தனர். நாம் கல்நெஞ்சு என்பது உவமை, இது உவமையன்று. தையல் பிழையற்றிருப்பினும் அவ்விதயம் மீளாது.

காக்கும் வழிகள் இரண்டு. ஒன்று குளிர். டொரான்டோவில் பிகெலோ செய்த ஆராய்ச்சிகள், உடல் குளிர்ந்தால் பிராணவாயுவின் தேவை குறையும் என்று காட்டின. மற்றொன்று பொட்டாசியம். உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே சொற்பம். இவ்வேற்றுமையே துடிப்புக்குரிய மின் தூண்டலுக்கு அடிப்படை. வெளியே அதனை மிகுத்தால் தூண்டல் எழாது. இதயம் தளர்ந்த நிலையிலேயே நிற்கும். அங்ஙனம் நின்ற இதயத்துக்கு, உழைக்கும்போது வேண்டிய பிராணவாயுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதும். குளிர்வித்தால் அதனினும் குறைவு.

1955இல் லண்டனில் மெல்ரோஸ் இம்முறையைக் கையாண்டார். ஆயின் அவர் செலுத்திய பொட்டாசியம் சிட்ரேட் மிகு அடர்த்தியுடையது. காக்க வந்த மருந்தே தசையைப் புண்படுத்தியதால் அது கைவிடப்பட்டது. 1970களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹேர்ஸ், பிரெய்ம்பிரிட்ஜ் ஆகியோர் பொட்டாசியத்தை வெகுவாகக் குறைத்து, மக்னீசியம் சேர்த்து உருவாக்கிய கரைசல் நற்பயன் தந்தது. மருந்து ஒன்றேயாயினும் அளவு வேறு! இன்று பலர் இத்தகைய மருந்தை நோயாளியின் இரத்தத்தோடே கலந்து செலுத்துகிறார்கள். சில கரைசல்களை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் செலுத்த வேண்டும்.

கவ்வியை நீக்கும் கணமும் இடர் நிறைந்ததே. பட்டினி கிடந்த அணுக்களுள் கால்சியம் அளவின்றிப் புகுந்தால், திரும்பி வரும் இரத்தமே தீங்கு செய்யும். ஆகவே முதலில் அழுத்தத்தைத் தணித்தே இரத்தத்தை விடுவர். அது பொட்டாசியத்தை அலசிச் செல்லும். சில இதயங்கள் தாமே துடிக்கத் தொடங்கும். சிலவற்றுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுக்க நேரும்.