தள்ளி நின்று நெருங்கும் வில்லை

திருமணத்தைப் படம் பிடிப்பவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை. கெட்டி மேளம் முழங்க மணமகன் தாலி கட்டும் நேரம் சில நொடிகளே. அவ்வேளையில் குருக்கள், பெற்றோர், நாத்தனார், உறவினர் என அனைவரும் மணமக்களைச் சூழ்ந்து நிற்பர்; அட்சதை நாலா பக்கமும் பறக்கும். படம் எடுப்பவரும் அவர்களிடையே புகுந்துவிட்டால், அமர்ந்திருக்கும் விருந்தினருக்கு அவருடைய முதுகுதான் தெரியும். எனவே, அவர் விலகி நிற்க வேண்டும். ஆனால், படமோ அருகிலிருந்து எடுத்ததுபோல் அமைய வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவதால்தான் 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான டெலிபோட்டோ சூம் வில்லையைத் திருமணப் புகைப்படக் கலைஞர் பலர் விரும்புகின்றனர்.

இங்குக் குறிப்பிடப்படும் மில்லிமீட்டர், வில்லையின் குவியத் தூரத்தைக் குறிக்கும். குவியத் தூரம் கூடக்கூட, வில்லை காணும் பரப்புச் சுருங்கும். அப்பரப்பில் உள்ள பொருள் படத்தில் பெரிதாகத் தெரியும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரியைக் கொண்ட படக்கருவியுடன் மணமேடையிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்பதாகக் கொள்வோம். 70 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். மணமக்களும் அருகில் நிற்பவர்களும் தெரிவர். வளையத்தைத் திருப்பி 200 மில்லிமீட்டருக்கு மாற்றினால், அகலம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டராகக் குறையும். மணமகளின் முகமும் முடிச்சுப் போடும் கைகளும் மட்டுமே படத்தை நிரப்பும். கலைஞர் ஓர் அடிகூட நகர வேண்டியதில்லை.

இந்த வசதி ஒரே நாளில் உருவானதன்று. 1891ஆம் ஆண்டில் இலண்டனில் தாமஸ் டால்மேயரும் ஜெர்மனியில் அடோல்ஃப் மீத்தேயும் தனித்தனியே டெலிபோட்டோ வில்லையை உருவாக்கினர். முன்பகுதியில் உள்ள குவி வில்லைகள் ஒளியைக் குவிக்கும்; பின்பகுதியில் உள்ள குழி வில்லைகள் அதைச் சற்று விரிக்கும். இதனால், குவியத் தூரத்தைவிடக் குறைந்த நீளத்திலேயே வில்லைக் குழலை அமைக்க முடிந்தது. குவியத் தூரத்தை மாற்றக்கூடிய சூம் வில்லை, 35 மில்லிமீட்டர் படக்கருவிகளுக்கு 1959ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஃபிராங்க் பேக் வடிவமைத்த அதன் பெயர் சூமார். சூம் வில்லையினுள் இருக்கும் கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்வதால்தான் காட்சி நெருங்குவதும் விலகுவதும் நிகழ்கின்றன.

தள்ளி நிற்பதால் முகமும் இயல்பாக அமைகிறது. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு எனக் கொள்வோம். மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் படம் எடுத்தால், காது 42 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். ஆகவே, மூக்குப் புடைத்தும் காது சிறுத்தும் தோன்றும். 3 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் அந்த 12 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே அன்று. ஆக, முகத்தின் வடிவத்தை முடிவுசெய்வது வில்லையன்று, நிற்கும் தூரமே. தொலைவில் நின்றாலும் முகத்தைப் பெரிதாகக் காட்டுவதே வில்லையின் பணி. மாணவர்கள் கைப்பேசியால் ஒரு நண்பரின் முகத்தை இரு தூரங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டால் இவ்வுண்மை விளங்கும்.

இவ்வில்லைக்குக் குறைகளும் உண்டு. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்திலும் போதிய ஒளியைப் பெற, இவ்வகையில் சிறந்தவை எஃப் 2.8 என்னும் அகன்ற ஒளித்துளையைக் கொண்டுள்ளன. 200ஐ 2.8ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 71. அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளிக்கு வழிவிடப் பெரிய கண்ணாடிகள் தேவை. எனவே, இதன் எடை ஒன்றரைக் கிலோகிராமை எட்டக்கூடும், விலையும் அதிகம். கை சற்று நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். நடுக்கத்தை உணர்ந்து ஈடுசெய்யும் அமைப்பு 1995ஆம் ஆண்டு முதல் வில்லைகளில் இடம்பெறத் தொடங்கியது. பின்வாங்க இடமில்லாத சிறு கோயில்களிலோ, குடும்பத்தார் அனைவரையும் ஒரே படத்தில் அடக்கும்போதோ, அகலக் காட்சி தரும் வேறொரு வில்லையே கைகொடுக்கும்.

பேராக் மாநிலத்தில் இவ்வில்லைக்கு மற்றொரு பணியும் உண்டு. சுங்கை சிப்புட் போன்ற வட்டாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல, ரப்பர் தோட்டங்களை நம்பி வாழ்ந்தன. ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தபோது, ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் எனப் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். அவர்களை மீண்டும் ஒரே கூரையின்கீழ்க் கூட்டுவது பெரும்பாலும் யாரோ ஒருவரின் பேரப்பிள்ளையின் திருமணமே. மண்டபத்தின் பின்வரிசையில், பழைய பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பற்றியபடி ஒரு பாட்டி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். படக்கருவி அருகில் வந்தால் பேச்சை நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, விறைப்பாக நிமிர்ந்துவிடுவார். பத்து மீட்டருக்கு அப்பால் நிற்பவரையோ அவர் கவனிப்பதில்லை. அதனால், அந்தச் சிரிப்பு மாறாமல் பதிவாகிறது. லயங்கள் மறைந்துவிட்ட இடங்களில், அங்கு வாழ்ந்தோரின் நெருக்கத்திற்கு இத்தகைய படங்களே சான்றாகின்றன.

பிறர் அறியாமலேயே அவர்களை நெருங்கும் ஆற்றல் பொறுப்பையும் கோருகிறது. உணவருந்தும்போதும், கண்ணீரை மறைக்க முகத்தைத் திருப்பும்போதும் தம்மைப் படம் எடுப்பதைப் பலர் விரும்புவதில்லை. நல்ல கலைஞர் அத்தகைய வேளைகளில் விரலை அழுத்தாமல் விடுவார். எடுத்த படங்களையும் குடும்பத்தாரின் இசைவு பெற்ற பின்னரே பிறருக்குக் காட்டுவார். எவ்வளவு தூரத்தில் இருப்பதையும் வில்லை அருகில் கொண்டுவரும். எதை அருகில் கொண்டுவரலாம் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அதன் பின்னால் நிற்கும் மனிதரே.