சாக்கு மூட்டைகளில் ஒரு ஹெரால்டு

கொடைக்கானல் மலையில் பழைய வீடுகளின் பின்புறக் கொட்டகைகளைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. தார்ப்பாயின் கீழே சக்கரமில்லாத கார் ஒன்று செங்கல் அடுக்கின்மேல் நிற்கும். அருகில் ஏழெட்டுச் சாக்கு மூட்டைகள் கிடக்கும். "அப்பா ஓட்டிய ஹெரால்டு. பழுது பார்க்கப் பிரித்தோம். பிறகு கைகூடவில்லை" என்பார் வீட்டுக்காரர். இப்போது பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனுக்கு அதனை மீண்டும் ஓடச்செய்ய வேண்டுமென்ற ஆவல் பிறந்திருக்கும். தாய்க்கோ, சேர்த்து வைத்த பணம் துருவில் கரையப் போகிறதே என்ற கவலை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆகவே இருவரும் அறியத்தக்க சில செய்திகளை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் தமிழ்நாட்டிலேயே உருவான வண்டி. 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இதனை 1961 முதல் செய்து வந்தது. வங்காளத்து அம்பாசடர், பம்பாய் பியட், நம் ஹெரால்டு என இம்மூன்றே அக்காலத்தில் சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக் கூடியவை. முதலில் இரண்டு கதவுகளுடன் வந்தது; 1968-இல் நான்கு கதவு ஹெரால்டு வெளிவந்தது. அதன்பின் கெஸல் என்னும் வழித்தோன்றல் 1977 வரை நீடித்தது. தொழிற்சாலை 1988-இல் மூடப்பட்டது.

இதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டு, இத்தாலியரான மிக்கேலோட்டி என்பார் வடிவமைத்து, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதற்கு முன் அக்கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்து வந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியற்றுப் போகவே, தனிச் சேஸிஸ் ஒன்றை அமைத்து, பல இடங்களில் செய்த தகட்டுப் பகுதிகளைப் போல்ட்டு கொண்டு அதன்மேல் பொருத்தினார்கள். முன் பானெட்டு, இருபுற மட்கார்டுகளோடும் சேர்ந்து முழுவதுமாக முன்னோக்கிக் கவிழும். பாடியின் முற்பகுதியும் பிற்பகுதியும் கூட நடுவே கழலும். அன்றைய வியாபாரச் சிக்கலினால் விளைந்த இவ்வமைப்பே இன்று முதன்முறையாகக் கைவைப்பவனுக்குப் பேருதவி. சாதாரண ஸ்பானர்களைக் கொண்டே வண்டி முழுவதையும் பிரித்து விடலாம்.

பிரிப்பதில் உள்ள இந்த எளிமையே ஆபத்தும் ஆகும். பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில், அளந்து வைத்த அடைதகடுகள் உண்டு. பார்வைக்கு வெறும் வாஷர் போலிருக்கும். கதவு தன் இடத்தில் ஒழுங்காக வந்து அமர்வது இவற்றால்தான். வண்டியைப் பிரித்தவர் ஒருவர், பூட்டுபவர் வேறொருவர். நடுவே இருபது ஆண்டுகள் கடந்திருக்கும். எந்தத் தகடு எந்த இடத்தது என்பதை யார் சொல்வார்? ஆகவே மூட்டைகளைத் திறந்ததும் பெயிண்டு கடைக்கு ஓடலாகாது. ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டுக் கட்டி, பெயரும் இடமும் எழுதி, தரையில் பரப்பிப் படமெடுத்தபின், வண்டி முழுவதையும் ஒருமுறை பெயிண்டில்லாமலே பூட்டிப் பார்க்க வேண்டும். எது இல்லை, எது கோணியிருக்கிறது, எது வேறு வண்டியினுடையது என்பது அப்போதுதான் புலப்படும். பளபளக்கப் பெயிண்டு அடித்தபின் கதவு மூடவில்லை என்று தகட்டைத் தட்டுபவரைக் கண்டால் நமக்கு இரக்கமே தோன்றுகிறது.

துரு விஷயத்தில் நம் மலையின் மூடுபனி இரக்கமற்றது. பாடியைத் தாங்கச் சேஸிஸின் பக்கவாட்டில் நீளும் கைகளே முதலில் அரிக்கும். மேலே புட்டி பூசி மறைத்திருப்பார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். அக்கைகளை வெட்டி வெல்டிங் செய்யுமுன் கதவு நிலைக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பிணைக்காவிடில் பாடி வளைந்துவிடும். இயந்திரப் பொருள்களைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். டிரையம்ப் வண்டிகளுக்கு இங்கிலாந்தில் இன்றும் உதிரிப் பொருள்கள் விற்கப்படுகின்றன; சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடலாம். நான்கு கதவு வண்டியின் பின்கதவுகளோ இந்நாட்டில் மட்டும் ஆனவை. அவை மூட்டையோடு இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பத்திரங்களையும் அப்போதே பார்த்துவிடுதல் நலம். பதிவுச் சான்று தந்தையின் பெயரில் இருந்து, அவர் காலமாகியிருந்தால், வாரிசு மாற்றம் செய்யாமல் ஒரு ரூபாயும் செலவிடலாகாது. 2021-இல் வந்த மத்திய விதியின்படி, 50 ஆண்டு கடந்து, பழைய வடிவம் மாறாத வண்டியை 'விண்டேஜ்' எனப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் என்றும், 10 ஆண்டுக்குச் செல்லும் என்றும் அவ்விதி வகுத்தது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட இயலாது. குடும்பத்தோடு சந்தைக்கும் திருமணத்துக்கும் போக விரும்புவோர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக் கொள்வதே பொருத்தம்.

இனி, யாவற்றினும் முக்கியமானதற்கு வருகிறோம். முதன்முறையாக இப்பணியில் இறங்கும் இளைஞர் எல்லோரும் எஞ்சின் உறுமும் நாளையே கனவு காண்கிறார்கள். ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின் எளியது, ஏறத்தாழ 35 குதிரைத்திறன் உடையது. நெடுநாள் கிடந்து இறுகியிருந்தால் பிளக்குத் துளைகளில் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுக் கையால் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் நம்முடையது மலை. 1914-இல் பணி நிறைவுற்ற லாஸ்காட் சாலை வழியே கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் வண்டி ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகிறது. ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் அவ்வாறு இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் எஞ்சின் தடுத்து ஏற்பது போக, மீதி வெப்பம் முழுவதும் பிரேக்கு டிரம்களில் இறங்குகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரியாகவும் இறங்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். மிதித்த மிதி தரையைத் தொடும். அந்நாளைய கார்களில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழிதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. எனவே மூட்டையில் கிடைத்த ரப்பர்க் கப்புகளையும் குழாய்களையும், பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருப்பினும், எறிந்துவிட்டுப் புதியன போட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், லைனிங், கைப்பிரேக்குக் கம்பி ஆகியவை முடியும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்றே சொல்வோம். பணம் குறைந்தால் இருக்கைத் தோலில் குறையட்டும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு சொல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர்க் குழாயும் கார்புரேட்டர் வாஷர்களும் அதில் ஊறி நைந்துபோகும். அதற்கு ஈடுகொடுக்கும் குழாய்களையே வாங்குக. கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரிசெய்த கார்புரேட்டர் மேலே வந்ததும் கரும்புகை கக்குவது அதனால்தான். தண்ணீரும் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் இறுக்கமாக இருத்தல் அவசியம்.

எல்லாம் முடிந்து வண்டி நகரும் நாளில் நேரே வத்தலக்குண்டுக்கு இறக்கிவிடலாகாது. சில நாள் ஏரியைச் சுற்றி ஓட்டுக. பின்னர் ஒரு காலையில், போக்குவரத்து மிகுவதற்கு முன், இரண்டாம் கியரிலேயே செண்பகனூர், வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாகப் பெருமாள்மலை வரை இறங்கி, ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே சூடாயிருந்தால் மேலும் இறங்கலாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே லைனிங் உராய்ந்து கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் சிலிண்டர் வேலை செய்யவில்லை. இரண்டில் எதுவாயினும், டிரம் ஆறும்வரை அங்கேயே ஒரு தேநீர் அருந்திவிட்டு, மெதுவாக மேலே திரும்பிவிட வேண்டியதுதான்.