வானத்துச் செய்மதியும் வட்டவளை லயன் அறையும்

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் நோக்கி மலையேறும் புகையிரதப் பாதையில் அமைந்துள்ள வட்டவளை, இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும். ஆண்டொன்றுக்குச் சராசரியாக 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை இங்கு பெய்கின்றது. கொழும்பு பெறும் மழையைப் போல இது ஏறத்தாழ இரு மடங்காகும். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதி மழையைச் சொரியும் மாதங்களில் இப்பகுதித் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் இரவு தோறும் ஒரே கேள்வியுடன்தான் உறங்கச் செல்கின்றன. லயனுக்குப் பின்னாலுள்ள மண்மேடு இன்றிரவும் தாங்குமா என்பதே அக்கேள்வி.

இத்தகைய மக்களிடம் சென்று, விண்வெளி ஆராய்ச்சிக்கு அரசாங்கம் நிதி ஒதுக்க வேண்டும் என்று கூறினால் அவர்கள் சிரிக்கக்கூடும். அல்லது சினம் கொள்ளக்கூடும். ஒழுகும் கூரையை மாற்ற நிதியில்லாத நாட்டில் வானத்துக்குப் பணம் அனுப்புவதா என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் இக்கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிட முடியாது. லயனுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பற்றிய தகவல்களுள் ஒரு பகுதி இன்று விண்வெளியிலிருந்தே வருகின்றது என்பதை நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளியில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாடு கண்ட மிகப் பெரிய இயற்கை அனர்த்தம் இதுவே. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பெரும் அழிவை ஏற்படுத்தின. மலைகளில் வீழ்ந்த நீர் ஆறுகளின் வழியே இறங்கி கம்பளை போன்ற நகரங்களையும் மூழ்கடித்தது. தோட்டத் தொழிலாளியின் லயனும் நகரத்து முஸ்லிம் வர்த்தகரின் கடையும் ஒரே மழையினால் அழிந்தன. எனவே, மழையையும் மலையையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் அறிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய தேவையன்று.

செய்மதிகள் இவ்விடயத்தில் என்ன செய்கின்றன என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலாவது வகைச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்டுள்ளவை. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகவே இவையும் சுற்றுவதால், ஓரிடத்தில் அசையாது நிற்பன போலத் தோன்றும். இத்தகைய சுற்றுப்பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எடுத்துக்காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையையே தமது வசிப்பிடமாகக் கொண்டிருந்தவர் அவர். ஜப்பானின் ஹிமாவாரி செய்மதி இச்சுற்றுப்பாதையிலிருந்து 10 நிமிடங்களுக்கு ஒருமுறை மேகக்கூட்டங்களைப் படம் பிடிக்கின்றது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம் எத்திசையில் நகர்கின்றது என்பதை வானிலையாளர்கள் இத்தகைய படங்களின் துணைகொண்டே கணிக்கின்றனர்.

இரண்டாவது வகைச் செய்மதிகள் தாழ்வான சுற்றுப்பாதையிலிருந்து மழையை அளப்பவை. அமெரிக்காவின் நாஸாவும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமும் இணைந்து 2014 பெப்ரவரியில் இதற்கான தலைமைச் செய்மதியை ஏவின. பல நாடுகளின் செய்மதித் தரவுகளை அதனுடன் ஒன்றிணைத்து, உலகெங்கும் பெய்யும் மழை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மதிப்பிடப்படுகின்றது. எனினும் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீள அகலமுடைய ஒரு சதுரத்துக்கான சராசரியையே இது தருகின்றது. மலைநாட்டில் ஒரு மலையின் இப்புறத்தில் கொட்டும் மழை அப்புறத்தில் தூறலாக இருக்கலாம். ஆகவே செய்மதியின் கணக்கைத் தரையிலுள்ள மழைமானியின் கணக்குடன் ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். தோட்டக் காரியாலயங்களில் நாள்தோறும் மழையை அளந்து எழுதிவைக்கும் வழக்கம் வெள்ளையர் காலம் தொட்டே இருந்து வருவது இங்கு நினைவுகூரத்தக்கது.

மூன்றாவது வகையே மண்சரிவுடன் மிக நெருங்கிய தொடர்புடையது. ராடர் அலைகளைப் பூமிக்கு அனுப்பி, அவை திரும்பி வருவதைப் பதிவு செய்யும் செய்மதிகள் இவை. மேகமோ இருளோ இவற்றுக்குத் தடையன்று. ஒரே இடத்தைச் சில நாட்கள் இடைவெளியில் இருமுறை பதிவு செய்து, இரு பதிவுகளையும் ஒப்பிட்டால், நிலம் சில சென்ரிமீற்றர் நகர்ந்திருந்தாலும் கண்டறியலாம். மலைச்சரிவு ஒன்று பல மாதங்களாக மெதுவாக ஊர்ந்து வருமானால், மனிதர் கண்ணுக்குப் புலப்படாத அந்நகர்வை இவ்வாறு அறியமுடியும்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதிகள் 2014 முதல் இத்தகைய தரவுகளை வழங்கி வருகின்றன. ஆனால் அவற்றின் குறுகிய அலைகள் அடர்ந்த இலை தழைகளுக்கு ஊடாக நிலத்தை அடைவது கடினம். 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செய்மதி இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்ய வல்லது. நாஸாவும் இந்தியாவின் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய இச்செய்மதியின் நீண்ட அலைகள் தாவரப் போர்வையை ஊடுருவிச் செல்லக்கூடியவை. 12 நாட்களுக்கு ஒருமுறை அது ஒரே பாதைக்குத் திரும்புகின்றது. தேயிலையும் காடும் போர்த்திய நமது மலைகளுக்கு இது எத்துணை பொருத்தமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் எல்லையையும் கூறுவது நமது கடமையாகும். ஒரே இரவில் பெய்த பெருமழையால் திடீரெனச் சரியும் மலையை இச்செய்மதிகள் முன்னறிவிக்க மாட்டா. எந்தச் சரிவு நகர்ந்துகொண்டிருக்கின்றது, எங்கே முதலில் கவனம் செலுத்த வேண்டும் என்பதையே அவை சொல்லும். எந்த இரவில் வெளியேற வேண்டும் என்பதைத் தரையிலுள்ள மழைமானியே சொல்ல வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு அளவுகோல்களை வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்புடன் இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறியே ஆக வேண்டும்.

இனி நிதியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். நிசாருக்காக இரு நாடுகளும் ஏறத்தாழ 150 கோடி அமெரிக்க டொலரைச் செலவிட்டுள்ளன. ஆனால் அதன் தரவுகள் உலகில் எவருக்கும் இலவசம். சென்டினல் தரவுகளும் மழை அளவீட்டுத் தரவுகளும் அவ்வாறே இலவசமானவை. பேரனர்த்தம் நிகழும்போது செய்மதிப் படங்களைக் கட்டணமின்றி வழங்குவதற்கான சர்வதேச உடன்படிக்கையொன்றும் 2000ஆம் ஆண்டு முதல் செயற்பட்டு வருகின்றது. ஆகவே வட்டவளைக்காக இலங்கை ரொக்கெற் ஏவ வேண்டியதில்லை. வந்து குவியும் தரவுகளை நாள்தோறும் எடுத்து, வாசித்து, விளங்கி, ஒரு தோட்டப் பிரிவின் பெயரைக் குறிப்பிட்டு எச்சரிக்கும் ஆற்றலே நமக்குத் தேவை. அந்த ஆற்றலுக்குக் கணினிகளும் மழைமானிகளும் பயிற்றப்பட்ட மனிதர்களும் வேண்டும். அவை இலவசமாகக் கிடைப்பதில்லை.

இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம் மாத்திரமே. இந்தியா 0.6 சதவீதத்துக்கு மேல் செலவிடுகின்றது. தென்கொரியா 5 சதவீதத்தை நெருங்குகின்றது. இந்த 0.1 சதவீதத்துக்குள்தான் விவசாயம், மருத்துவம், பொறியியல் யாவும் அடங்குகின்றன. விண்வெளித் தொழில்நுட்பத்துக்கு அதிலே எவ்வளவு எஞ்சும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும் நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது தவறாகும். 1984இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் நிறுவப்பட்டு இன்று மொரட்டுவையில் இயங்கிவரும் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தைச் சேர்ந்த இரு இளம் பொறியியலாளர்கள், ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்று உருவாக்கிய இராவணா-1 என்னும் சிறிய செய்மதி, 2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையே கொண்ட அச்செய்மதி பெரிய பணிகளைச் செய்துவிடவில்லை. ஆனால் செய்மதியை உருவாக்கத் தெரிந்த இருவரை அது இந்நாட்டுக்குத் தந்தது. அதற்கு முன்னர், 2012இல், சீனச் செய்மதியொன்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்குப் பெற்ற தனியார் முயற்சி, இலங்கையின் முதலாவது செய்மதி என்று ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டில் எது நாட்டின் அறிவை வளர்த்தது என்பதை நிதி ஒதுக்குவோர் சிந்திக்க வேண்டும்.

ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்ற கேள்வி அயல்நாடான இந்தியாவிலும் எழுந்ததே. 1963 நவம்பர் 21ஆம் திகதி கேரளக் கரையோரத்தின் மீனவக் கிராமமான தும்பாவிலிருந்து முதலாவது ரொக்கெற் ஏவப்பட்டபோது, அங்கிருந்த தேவாலயக் கட்டடமே அலுவலகமாகப் பயன்பட்டது. அத்திட்டத்தின் தந்தையான விக்ரம் சாராபாய், வல்லரசுகளுடன் போட்டியிடுவது நோக்கமன்று, மக்களின் அன்றாடப் பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதே நோக்கம் என்று விளக்கமளித்தார். அவ்விளக்கம் வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. 1975-76இல் அமெரிக்கச் செய்மதியொன்றை இரவல் பெற்று, 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி தொடர்பான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இந்தியா ஒளிபரப்பியது. அந்நிகழ்ச்சிகளைப் பெறும் அலைவாங்கியொன்று கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் பொருத்தப்பட்டிருந்தது.

இராமேஸ்வரத்தில் எளிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமை தாங்கிய எஸ்.எல்.வி.-3 ரொக்கெற், 1979 ஓகஸ்டில் கடலில் வீழ்ந்தது. மறு ஆண்டு ஜூலையில் அது வெற்றி கண்டது. ஒரு தோல்விக்காக அரசாங்கம் நிதியை நிறுத்தியிருந்தால் அவ்வெற்றி கிட்டியிராது. செங்கோட்டையில் அரசினர் பாடசாலையில் பயின்ற நிகர் ஷாஜி 2023இல் சூரியனை ஆராயும் ஆதித்யா திட்டத்தை வழிநடத்தினார். விழுப்புரத்துப் புகையிரத ஊழியரின் மகனான வீரமுத்துவேல் அதே ஆண்டில் சந்திரயான்-3 திட்டத்தை வழிநடத்தினார். அரசாங்கம் தொடர்ச்சியாக வழங்கிய நிதி இயந்திரங்களை மட்டுமன்றி இத்தகைய மனிதர்களையும் உருவாக்கியது. கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீராத நமது பெருந்தோட்டப் பாடசாலைகளை நோக்கும்போது, அங்கேயும் ஒரு வீரமுத்துவேலோ நிகர் ஷாஜியோ கவனிப்பாரற்று இருக்கலாம் என்ற எண்ணம் நம்மை வருத்துகின்றது.

ஆனால் அறிவு மாத்திரம் உயிர்களைக் காத்துவிடாது என்பதற்கு மீரியபெத்தை கசப்பான சான்றாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தின் லயன்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அம்மக்கள் எங்கே செல்வது? அவர்கள் வாழ்ந்த நிலம் அவர்களுடையதன்று. வேறு நிலமும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. டித்வாவின் போதும் அவசர எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற விமர்சனம் வலுவாக எழுந்தது. விண்வெளியிலிருந்து நொடிப்பொழுதில் வந்து சேரும் தகவல், கொழும்பிலிருந்து தமிழில் மலையேறுவதற்குள் இரவு கழிந்துவிடுமானால் அதனால் யாருக்குப் பயன்?

ஆகவே, விண்வெளித் தொழில்நுட்பத்துக்கு அரசாங்கம் நிதி ஒதுக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். அந்நிதியின் பயனை லயன் அறையின் வாசலில் நின்றே அளவிட வேண்டும் என்றும் கருதுகிறோம். ராடர் தரவுகளை ஆராயும் நிரந்தரப் பிரிவொன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் கூட்டுறவுடன் அமைய வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு தோட்டத்துக்கும் தன்னியக்க மழைமானி கிடைக்க வேண்டும். சிங்களத்தில் வெளியாகும் அதே நிமிடத்தில் எச்சரிக்கை தமிழிலும் வெளியாக வேண்டும். கைத்தொலைபேசி செயலிழக்கும் இரவில் கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் அதனை அறிவிக்க ஏற்பாடு இருக்க வேண்டும். அபாய வரைபடத்தில் சிவப்பாகக் காட்டப்படும் லயனில் வாழ்வோருக்கு, அதே வரைபடம் பாதுகாப்பானது எனக் காட்டும் நிலத்தில் காணி உறுதியுடன் வீடு வழங்கப்பட வேண்டும்.

அடுத்த பருவமழைக்கு நீண்ட காலமில்லை. வட்டவளை மலைகளுக்கு மேலாக அன்றும் செய்மதிகள் கடந்து செல்லும். தாம் கண்டதைத் தவறாமல் பதிவு செய்யும். அப்பதிவு ஒரு தாய் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உரிய வேளையில் வெளியேற உதவுமா என்பது, வரவு செலவுத் திட்டத்தை வகுப்போரின் கையிலேயே உள்ளது.