கேம் ஓடுமா சார்?

லினக்ஸ் என்ற சொல்லை எந்த வகுப்பில் எடுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "சார், அதுல கேம் ஓடுமா?" மறைமலைநகரில் அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்தும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. பாடத்தைத் திசைதிருப்பும் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் லினக்ஸ் ஒருமுறை அல்ல, இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நிலைத்து நிற்கவில்லை. பிள்ளைகளின் இந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். இன்று ஓரளவுக்குப் பதில் இருக்கிறது.

முதல் வருகை 2006-08 காலத்தில். அப்போது எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கான கணினிகளிலும் அதைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் சி-டாக்குடன் கைகோத்திருந்த ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் இருப்பது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில். எங்கள் ஊரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான்.

இரண்டாவது வருகை இன்னும் பெரியது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கும். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் இப்படி நுழைந்தது. பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். சர்வீஸ் கடைக்குப் போன மடிக்கணினி திரும்பி வரும்போது இரண்டுமே அழிக்கப்பட்டு, உரிமம் இல்லாத விண்டோஸ் ஒன்று ஏறியிருக்கும். கூடவே 'கிராக்' செய்த நான்கைந்து கேம்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. லினக்ஸில் என்ன செய்யலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. விளையாடவும் முடியவில்லை.

அந்தக் கிராக் கேம்களுக்குக் கொடுத்த விலையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். உரிமப் பூட்டை உடைக்கும் நிரல், நிறுவும்போதே 'ஆன்டிவைரஸை நிறுத்து' என்று கேட்கும். நிறுத்துவோம். அதன்பின் அந்தக் கணினியில் என்ன நடக்கிறது என்று சொல்ல யாராலும் முடியாது. அதே கணினியில்தான் மாணவர் பட்டியல், ஆதார் எண், பெற்றோர் கைப்பேசி எண், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக வைத்திருக்கிறோம். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் 'ஷார்ட்கட்' ஆகிக் கிடப்பதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். அந்த வகை வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அதே பென் டிரைவைச் செருகினால் அது இயங்காது. மறைந்து கிடக்கும் உண்மையான கோப்புறைகளைக் கண்டெடுக்கலாம், வைரஸ் கோப்பை அழிக்கவும் செய்யலாம்.

இப்போது இதைப் பேசுவதற்கு உடனடிக் காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 சில்லும் புதிய செயலியும் பழைய கணினிகளில் இல்லை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அண்ணனும் அக்காவும் வாங்கி வந்த அரசு மடிக்கணினி இந்தக் கணக்கில் வராது. எங்கள் ஊரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திய பிறகு, ஒப்பந்தக் கூலிக்குச் சிறு ஆலைகளுக்கு மாறிய பெற்றோர் பலர். புதிதாக ஒன்று வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. பீரோவின் மேல்தட்டில் கிடப்பதை எழுப்புவதுதான் வழி.

சரி, கேம் ஓடுமா?

விண்டோஸுக்காக எழுதிய ஒரு நிரல், 'இந்தக் கோப்பைத் திற', 'இந்தப் படத்தைத் திரையில் வரை' என்று விண்டோஸிடம் அதன் மொழியில் கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸுக்கு அந்த மொழி புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தால்? 1993இல் தொடங்கிய 'வைன்' திட்டம் அந்த வேலையைத்தான் செய்தது. ஆனால் பெரிய முப்பரிமாண விளையாட்டுகளில் தடுமாறியது. 2018 ஆகஸ்டில் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை வளர்த்து 'புரோட்டான்' என்று வெளியிட்டது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை 'வல்கன்' என்னும் பொதுவான வரைகலைக் கட்டளைகளாக மாற்றித் தருவது அதன் முக்கியமான வேலை. 2022இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி ஓடுவதே லினக்ஸில்தான். அதனால் விளையாட்டு நிறுவனங்களும் திரும்பிப் பார்க்கத் தொடங்கின. எந்த விளையாட்டு எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று விளையாடியவர்களே பதிவிடும் 'புரோட்டான்டிபி' தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.

இதைக் கேட்டு மாணவர்கள் துள்ளுவதற்குள் ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுவேன். வல்கனுக்கு அதற்கேற்ற வரைகலைச் சில் வேண்டும். இன்டெல்லில் ஏறத்தாழ ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் அது முழுமையாக இல்லை. ஆகவே 2011, 2012ஆம் ஆண்டு மடிக்கணினிகளில் புரோட்டானை எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்கு லினக்ஸுக்கென்றே எழுதிய விளையாட்டுகள் போதும். கார்ப் பந்தயத்துக்கு 'சூப்பர்டக்ஸ்கார்ட்' இருக்கிறது. பண்டைய பேரரசுகளை நடத்தும் '0 ஏ.டி.' விளையாட்டில் மௌரியரும் ஒரு தரப்பு. சமூக அறிவியல் ஆசிரியருக்குச் சொல்லி வையுங்கள் (அதற்கு மட்டும் சற்றே வலுவான கணினி வேண்டும்). கட்டை அடுக்கி உலகம் கட்டும் 'லுவான்டி'யில், விளையாட்டின் நிரலையே திறந்து மாற்றிப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிப்பவனுக்கு அது சிரமம் இல்லை. தொடக்கப் பள்ளிக்கு என் முதல் பரிந்துரை 'ஜிகாம்ப்ரி'. எழுத்து, எண், நினைவாற்றல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் ஒரே பொட்டலத்தில். 'டக்ஸ்மேத்'தில் வானத்திலிருந்து விழும் எரிகல்லில் ஒரு கணக்கு இருக்கும். தரையைத் தொடுவதற்குள் விடையைத் தட்டினால் கல் உடையும். வாய்ப்பாட்டை வெறுக்கும் பிள்ளைகள் இதில் போட்டி போடுகிறார்கள். எல்லாமே இலவசம், கிராக் தேவையில்லை.

ஓடாத விளையாட்டுகளும் உண்டு. 'வேலரன்ட்' ஓடாது. 'ஃபோர்ட்நைட்' ஓடாது. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' வைன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 மே மாதத்தோடு நின்றது. "ஏன் சார்?" என்று கேட்கிறார்களே, அதுதான் நான் காத்திருக்கும் கேள்வி. அதற்கு ஒரு முழுப் பாடவேளையைக் கொடுக்கலாம்.

இயங்குதளத்தின் நடுவில் இருப்பது கெர்னல். நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, கேமரா எல்லாம் அதன் கையில். சாதாரண நிரல்கள் வெளியே நின்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளே வர முடியாது. இணையப் போட்டிகளில் ஏமாற்றுபவரைப் பிடிக்க, சில நிறுவனங்கள் தங்கள் காவல் நிரலைக் கெர்னலுக்குள்ளேயே வைக்கின்றன. வேலரன்ட்டின் 'வான்கார்ட்' அப்படிப்பட்டது. விளையாட்டைத் திறக்கும்போது மட்டுமல்ல, கணினி இயங்கத் தொடங்கும்போதே அதுவும் விழித்துக்கொள்ளும். ஏமாற்றைத் தடுப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் வீட்டில் மற்ற எல்லா அறைகளின் சாவியையும் ஒரு விளையாட்டு நிறுவனத்திடம் கொடுத்த மாதிரி ஆகிறது. லினக்ஸில் கெர்னலின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. கணினியின் உரிமையாளர் அதை மாற்றிக்கொள்ளவும் முடியும். தனக்குக் கட்டுப்படாத அந்த இடத்தை நம்ப நிறுவனத்துக்கு மனமில்லை. ஆகவே 'உன் கணினியில் ஓடாது' என்கிறது. கணினி யாருக்குக் கட்டுப்பட வேண்டும் என்று இந்த இடத்தில் வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். விளையாடுபவர்களே இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுவார்கள். எந்த அணியையும் நான் திருத்துவதில்லை.

தனியுரிமையும் இதே கேள்வியின் மறுபக்கம்தான். விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பு நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. கண்டறிதல் தகவல்களில் ஒரு பகுதியை அனுப்பாமல் நிறுத்த அதில் வழி இல்லை. திரையை அவ்வப்போது படமெடுத்துச் சேமிக்கும் 'ரீகால்' வசதி 2024இல் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிவைக்கப்பட்டு, 2025இல் பயனர் விரும்பினால் மட்டும் என்ற நிபந்தனையோடு சில புதிய கணினிகளில் வந்தது. லினக்ஸ் என்றாலே யோக்கியம் என்றும் சொல்லிவிடக் கூடாது. 2012இல் உபுண்டு, நாம் கணினிக்குள் தேடும் சொல்லை வெளியே அனுப்பி அமேசான் விளம்பரங்களைக் காட்டியது. நிரல் திறந்திருந்ததால் பயனர்கள் உடனே பிடித்தார்கள். 2016 பதிப்பில் அது தானாக இயங்காதபடி நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது என்று சொன்னால் வகுப்பு திகைத்துப் போகும். கெர்னல் திறந்திருந்து என்ன, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் செயலிகள் நம்மை நோட்டம் விடுகின்றனவே! ஸ்டீம்கூடக் கட்டற்ற மென்பொருள் அல்ல. 13 வயது நிரம்பாதவர்களுக்கு அதில் கணக்குத் தொடங்க அனுமதியும் இல்லை.

ஆசிரியர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் கை வைக்க வேண்டாம். அவை பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ளவை. உங்கள் சொந்த மடிக்கணினியில் தொடங்குங்கள். லினக்ஸ் மின்ட் கோப்பைப் பதிவிறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் 'எட்சர்' அல்லது 'ரூஃபஸ்' கொண்டு எழுதுங்கள். பென் டிரைவில் இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கணினியை அணைத்து இயக்கும்போது எஃப்12 போன்ற விசையை அழுத்தி (தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்) பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், எதையும் நிறுவாமலேயே லினக்ஸ் திறக்கும். வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி நான்கையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். ஒரு வாரம் பழகிய பின் நிறுவலாம். நிறுவும் முன் கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்து வைப்பது கட்டாயம். முழுத் தட்டிலும் லினக்ஸை மட்டும் நிறுவுபவர்கள், தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியையும் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினி தொலைந்தாலும் மாணவர் விவரம் வெளியே போகாது. 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நினைவகத்தை 4 ஜிபி ஆக்கி, வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

மொழியைத் தமிழாக்கினால் பட்டியல்களில் பெரும்பகுதி தமிழில் வரும். சில சொற்களைப் பார்த்தால் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் மகிழ்ந்திருப்பார். பிள்ளைகள்தாம் முதல் வாரம் விழிக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே உண்டு. எமிஸ் தளம் உலாவியில் திறப்பதால் சிக்கல் இல்லை.

சிக்கல் வருவது வினாத்தாளில். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள், அந்த எழுத்துருவை நிறுவினால் லிப்ரே ஆபீஸில் சரியாகவே தெரியும். ஆனால் அவற்றில் புதிதாகத் தட்டச்சு செய்ய உதவும் விண்டோஸ் கருவிகள் இங்கே இல்லை. யுனிகோடுக்கு மாறுவதே நல்லது. எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும். 2010இலேயே அரசு ஒருங்குறியை ஏற்றுவிட்டது. அச்சுப்பொறியில் எச்பி வகைகள் பெரும்பாலும் செருகியதும் இயங்கும். நம் அலுவலகங்களில் பரவலாக உள்ள கேனான் எல்பிபி 2900க்கு இயக்கி நிறுவுவது தொல்லை பிடித்த வேலை. டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படும் அலுவலகக் கணினியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

கேரளத்தில் 2001இல் தொடங்கி இன்று 'கைட்' என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வும் லினக்ஸிலேயே நடக்கின்றன. நம் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் விண்டோஸோடு உபுண்டுவும், கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓபன் ஆபீஸும் பாடமாகவே இருக்கின்றன. கடந்த பருவத்தில் அந்தப் பாடத்தை நடத்தும்போது, வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம் என்று பெற்றோர் ஒப்புதலோடு அறிவித்தேன். ஏழு வந்தன. இரண்டில் திரை போயிருந்தது. மீதி ஐந்தில் மாணவர்களே லினக்ஸ் மின்ட்டை நிறுவினார்கள். ஒன்றில் வைஃபை மட்டும் இன்னும் பிடிவாதம் செய்கிறது. அதன் சில்லின் பெயரைக் கண்டுபிடித்து, பொருத்தமான இயக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறாள் அதன் சொந்தக்காரி.