ஒற்றை ஆள் எஞ்சினைத் தூக்குவது எப்படி?

நான்கு சிலிண்டர் கார் எஞ்சின் பெரும்பாலும் 100 கிலோ எடையைத் தொடும், தாண்டும். வீட்டு ஷெட்டில் ஒரே ஆள் அதைச் செயின் பிளாக்கால் தூக்கிவிடுகிறார். கைச்சங்கிலியைப் பல மீட்டர் இழுத்தால்தான் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் கொக்கியை ஒரு மீட்டர் ஏற்றும். தூரத்தைக் கூட்டி விசையைக் குறைத்துக்கொள்கிறோம். மொத்த வேலை குறைவதில்லை.

கையை விட்டால் ஏன் விழுவதில்லை? இந்தக் கருவியின் அழகே இங்கேதான். தொங்கும் எடையே பிரேக் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது. பளு கூடக் கூடப் பிடியும் கூடும்.

கவனம் வேண்டியது, எஞ்சினைக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங்கின் கோணத்தில். இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால், ஒவ்வொரு காலிலும் எடையில் சுமார் 58 சதவீத இழுவிசை. 30 டிகிரிக்குச் சரிந்தால், ஒவ்வொன்றிலும் முழு எடை! இழுப்பின் பெரும்பகுதி பக்கவாட்டில் போய்விடுவதே காரணம். ஆகவே ஸ்லிங் நீளமாக இருக்கட்டும்.

பழைய எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றுவதாக இருந்தால், அந்த மாற்று எஞ்சினின் பின்பக்க கிராங்க் ஆயில் சீலை வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பொருத்திய பிறகு, பொதுவாக கியர்பாக்ஸைக் கழற்றாமல் அதை எட்ட முடியாது.

எந்தச் செயின் பிளாக்கை நம்பினாலும், தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையையோ காலையோ நீட்டாதீர்கள்.